வில்வம் இலை போல மூன்று துளைகள்

வதனி, ரவி, நீங்கள் இரண்டு பேரும் இதைச் சேர்ந்திருந்து வாசிக்க வேண்டும். போன கிழமை ரவி பள்ளிக்கூடத்தில் எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினான். "என் அப்பா ஜேர்மனியில் நூறு மீற்றர் தூரத்தில் மூன்று வெடி வைத்து மூன்றையும் ஒரே இடத்தில் போட்டவர்" என்று அதில் இருந்தது. வாத்தியார் கீழே சிவப்பு மையால் "மிக நன்று" என்று எழுதியிருந்தார். நான் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். அது ரவிக்கு மனவருத்தம் என்று உங்கள் அம்மா சொன்னார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முன் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிற, மூன்று துளை விழுந்த அந்தக் கடதாசியை நீங்கள் பிறந்து விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறீர்கள். அதைச் சுட்ட துவக்கு இப்போது இல்லை. அரசாங்கம் துவக்குகளைத் திரும்பக் கேட்டபோது அதையும் பத்தொன்பது தோட்டாக்களையும் பொலிஸில் ஒப்படைத்தோம். கடதாசியை ஒருவரும் கேட்கவில்லை, அதனால் அது சுவரிலேயே நின்றுவிட்டது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். உழவு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவதுபோல எழுத்து எனக்குக் கைவராது. ஆனாலும் ஜேர்மனிக்குப் போய் வந்த கதையை ஒருமுறை பிழையில்லாமல் சொல்லிவிட வேண்டும்.

அது அறுபத்தெட்டாம் ஆண்டு. எங்கள் பகுதிக்கு உழவு இயந்திரம் விற்ற கொம்பனி, திருத்து வேலை பழக என்னை ஆறு கிழமைக்கு ஜேர்மனிக்கு அனுப்பியது. அந்த நேரம் எங்கள் குடியேற்றத் திட்டத்தில் ஒரு தனியன் யானையின் தொல்லை. இடது காது கிழிந்தது. அதற்கு முந்தின வருஷம் யாரோ சாதாரணத் துவக்கால் அதற்கு வெடி வைத்துக் காயப்படுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் அது திரும்பி வந்து காவல் கொட்டிலை உடைத்தது. உள்ளே இருந்த மாணிக்கம் மாமா தப்பவில்லை. அவருடைய மகள்தான் உங்களோடு படிக்கிற செல்வி.

புறப்படுவதற்கு முதல்நாள் கமக்காரர் சங்கத் தலைவர் கந்தையா அண்ணை வீட்டுக்கு வந்தார். சங்கத்துக்கு ஒரு துவக்கு வாங்கவும் அந்த ஒரு யானையைச் சுடவும் அரசாங்கக் கச்சேரியில் அனுமதி எடுத்து வைத்திருந்தார்.

"தம்பி, ஒரே வெடியில விழவேணும். காயப்பட்டதெண்டா அது ஆரையும் விடாது. நீ கண்டனிதானே மாணிக்கத்தை," என்றார். "மாக்னம் எண்டு கேட்டு வாங்கு. காட்டிலாகா ஐயா சொன்னவர், யானைக்கு மாக்னம்தானாம்."

"விலை கூடவாயிருக்குமே அண்ணை?"

"சங்கம் தாறதுக்குள்ள பார். ஆனா நல்லதாப் பார். குறி தப்பக்கூடாது."

சங்கப் பணத்தை அம்மாவின் கையில் கொடுத்தார்கள். அங்கே எனக்குக் கிடைக்கிற மார்க் காசில் நான் வாங்கி வருவதென்று பேச்சு. துவக்கால் சுடப்போகிறவர் சின்னத்துரை அண்ணை. ஊரில் உண்மையான வேட்டைக்காரர் அவர் ஒருவர்தான். என் வேலை தெரிந்தெடுப்பதும் கொண்டுவருவதும் மட்டும்.

பயிற்சி நடந்த ஊர் மியூனிக்கிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். போய்ப் பார்த்தால் மேசையில் பாண், வெண்ணெய், குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், ஊறவைத்த வெள்ளரிக்காய். அடுப்பில் ஏதோ இருக்கிறது, பிறகு வரும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்து கோப்பையையும் கழுவி வைத்துவிட்டார்கள். அந்த நாட்டில் இரவில் சூடாக ஒன்றும் சமைப்பதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அம்மா பால்மா டின்னில் போட்டுத் தந்த மிளகாய்த்தூளைப் பாணில் தூவிச் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த துருக்கிக்காரர் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி, தின்றுவிட்டு, எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பாணின் வெளிக்கோது விறகுபோல இருக்கும். முதல் கிழமை என் பல்முரசு எல்லாம் நோவு.

பட்டறையில் ஒவ்வொரு ஆணியையும் அளவு காட்டுகிற ஸ்பானர் சாவியால்தான் முறுக்க வேண்டும். நான் கையின் உணர்விலேயே முறுக்கிப் பழகியவன். வாத்தியார் நான் முறுக்கியதைத் திரும்ப அளப்பார், சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் என்னைக் கழற்றி அளவோடு மறுபடி முறுக்கச் சொல்வார். சரியாக இருப்பது போதாது, சரியென்று பார்த்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். எனக்கு அது வீண்வேலையாகப்பட்டது. பின்னேரம் ஐந்து மணிக்கு என்ஜினியர் முதல் நான் வரை எல்லாரும் தும்புத்தடி எடுத்து நிலத்தைக் கூட்டுவோம். எங்கள் ஊரில் ஃபோர்மன் தும்புத்தடி தொடுவாரா என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

மியூனிக்கில் படித்துக்கொண்டிருந்த யூசுப் எனக்கு மொழி சொல்ல வந்தவர். திருச்சிப் பக்கத்துப் பிள்ளை, என்ஜினியரிங் மாணவர். கொம்பனிதான் சனிக்கிழமைகளில் அவரை ஒழுங்கு செய்து தந்தது. நான் பேசுகிற தமிழைக் கேட்டு முதல் நாள் முழுக்கச் சிரித்தார்.

"அண்ணே, நீங்க பேசறதுக்கு இந்த ஜெர்மனே ஈஸியா புரியுது," என்பார்.

"உமக்குத் தமிழ் விளங்காட்டி நான் என்ன செய்ய ஏலும்?" என்பேன் நான்.

துவக்குக் கடை இன்னொரு சிறு பட்டினத்தில். யூசுப் கடிதம் எழுதி, சனிக்கிழமை பத்து மணி என்று நேரம் வாங்கியிருந்தார். நான் என் ஊரிலிருந்தும் அவர் மியூனிக்கிலிருந்தும் தனித்தனியாக வந்து அங்கே சந்திப்பதாக ஏற்பாடு. ரயில் ஒரு நிமிஷமும் பிந்தவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி உருளைக்கிழங்குச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு மற்றவளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அதற்குள் ஐம்பது சொற்கள் தெரியும். "அவர் சாப்பிடுவார், தூங்குவார், சாப்பிடுவார்" என்பது மட்டும் விளங்கியது. புருஷனைப் பற்றியா பன்றியைப் பற்றியா என்று தெரியவில்லை.

அந்த நாட்டில் ரயில் சில சந்திகளில் இரண்டாகப் பிரியும். முன்பெட்டிகள் ஒரு பக்கம், பின்பெட்டிகள் இன்னொரு பக்கம் போகும். எங்கள் மெயில் வண்டியில் ஏறினால் ஏறியதுதான், எந்தப் பெட்டியென்று யார் பார்த்தார்கள். நான் பின்பெட்டியில் இருந்தேன். போகவேண்டிய ஊர் வரவேண்டிய நேரத்துக்குச் சரியாக வேறொரு ஊர் வந்தது. இறங்கித் திரும்பி வந்து சேரப் பன்னிரண்டேகால். யூசுப் கடை வாசலில் கோட்டுக் கழுத்தை உயர்த்திவிட்டு நின்றார்.

"டிரெயின் ரெண்டா பிரிஞ்சிருச்சா? நெனச்சேன் அண்ணே. சனிக்கிழமை பன்னெண்டுக்கு இங்க எல்லாக் கடையும் க்ளோஸ்."

கடையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தவர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். பச்சைக் கோட்டு, முழங்கால் வரை சப்பாத்து, கைக்கயிற்றில் ஒரு மண்ணிற நாய். இவர்தான் ஃபிராவ் கெல்னர், அதாவது திருமதி கெல்னர், கடைக்காரர். புருஷன் இறந்த பின் துவக்குத் திருத்தும் வேலையையும் அவரே செய்கிறார் என்று யூசுப் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. மணிக்கூட்டை மட்டும் ஒருமுறை பார்த்தார். பக்கத்துக் காட்டில் பன்றி வேட்டை நடக்கிறது, யாரோ ஒன்றைக் காயப்படுத்திவிட்டார்கள், தேடுவதற்குத் தன் நாயைக் கேட்டிருக்கிறார்கள் என்றார். திரும்ப ரயில் பின்னேரம்தான். விரும்பினால் வரலாம்.

காட்டு ஓரத்தில் இருபது பேரளவில் நின்றார்கள். ஒரு பெரிய பானையில் பட்டாணிக் கஞ்சி, அதற்குள் பன்றி இறைச்சி. யூசுப்புக்கு ஆகாது. நான் எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருக்கும் மிளகாய்த்தூளைக் கொடுத்தேன். பாணோடு தின்று கண்ணில் நீர் வர நின்றார். நான் இரண்டு கோப்பை கஞ்சி குடித்தேன். நல்ல ருசி.

சுட்டவர் அந்தப் பட்டினத்து மருந்துக்கடைக்காரர். தடித்த மனிதர். அவர் மட்டும் கஞ்சிப் பானைப் பக்கம் வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு மரத்தின் கீழ்த் தனியே நின்றார். ஒருவரும் அவரை ஏசவில்லை, ஆனால் ஒருவரும் அவரோடு பேசவுமில்லை. ஃபிராவ் கெல்னர் நாயை நீளக் கயிற்றில் கட்டி இரத்தம் பட்ட இலையை மணக்கவிட்டு உள்ளே போனார். மருந்துக்கடைக்காரர் பின்னால் போனார். நாங்களும் சும்மா நிற்க ஏலாமல் தூரத்தில் தொடர்ந்தோம்.

இரண்டு மணித்தியாலம். முள், சேறு, ஓடை. என் சப்பாத்துக்குள் தண்ணீர்.

"உதென்ன விசர் வேலை, ஒரு பண்டிக்கு," என்றேன் யூசுப்பிடம். "செத்தாக் காலமை கிடக்கும்தானே."

யூசுப் அதை ஜேர்மன் மொழியில் கேட்டுவிட்டார். ஃபிராவ் கெல்னர் திரும்பாமலே ஏதோ சொன்னார்.

"காலை வரைக்கும் வலிக்கிறது உங்களுக்கா, அதுக்கான்னு கேக்கிறாங்க அண்ணே."

பொழுது மங்குகிற நேரம் நாய் நின்றது. ஒரு வெடி கேட்டது. நாங்கள் போனபோது பன்றி பக்கவாட்டில் கிடந்தது. ஃபிராவ் கெல்னர் பக்கத்து மரத்தில் ஒரு சிறு கிளை முறித்து அதன் வாய்க்குள் வைத்தார். மருந்துக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

செத்ததுக்கு எதற்குத் தழை என்று கேட்டேன். கடைசி வாய் உணவு என்றார் ஃபிராவ் கெல்னர். காலையில் அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது, நாளைக்கும் சாப்பிட இருந்தது, இடையில் நாங்கள் வந்தோம், அதனால் கொடுக்கிறோம் என்று யூசுப் சொல்லித் தந்தார். எங்கள் ஆட்கள் பிணத்துக்கு வாய்க்கரிசி போடுவது எனக்கு நினைவு வந்தது. மிருகத்துக்கும் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த சனிக்கிழமை முன்பெட்டியில் ஏறி, பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கவே போய்விட்டேன்.

ஃபிராவ் கெல்னர் மேசையில் இரண்டு துவக்குகளை வைத்தார். ஒன்று மாக்னம். புதுசு மாதிரி. கறுத்த இரும்பில் இலை வேலைப்பாடு, மரப்பிடி தேன் நிறம், மேலே தூரக் கண்ணாடி. மற்றது பழசு. பிடியில் கீறல், ஒரு மூலையில் ஈயத்தகடு வைத்து ஒட்டியிருந்தது. அதற்குச் சாதாரண ஒன்பது மில்லிமீற்றர்த் தோட்டா. மாக்னம் என்றால் வேறொன்றுமில்லை பிள்ளைகளே, தோட்டாவுக்குள் மருந்து கூட. மருந்து கூடினால் வேகம் கூடும். அதே அளவுக்கு உதைப்பும் கூடும்.

என் கையில் இருந்த பணத்துக்கு மாக்னமும் ஒரு பெட்டி தோட்டாவும் வரும், இருபது தோட்டா. பழசை எடுத்தால் எட்டுப் பெட்டி வாங்கி இன்னும் மிச்சம் இருக்கும்.

ஃபிராவ் கெல்னர் பழசைத்தான் என் பக்கம் தள்ளினார். ஆப்பிரிக்காவுக்குப் போனவர்கள் தன் மாமனார் காலத்திலிருந்து இந்த வகையைத்தான் கொண்டுபோனார்கள், யானைக்குப் போதும், பழகிச் சுடுகிறவன் கையில் போதும் என்றார். குழலுக்குள் வெளிச்சம் விட்டுக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. "பிடியால் சுடுவதில்லை, குழலால்தான் சுடுவது" என்றார்.

பட்டினத்தில் மரம் அரியும் மரக்காலைக்குப் பின்னால் சுடும் இடம். மண் மூட்டையில் துவக்கைத் தாங்கவைத்துச் சுட வேண்டும். முதலில் பழசு. நான் மூன்று வெடி வைத்தேன். மூன்றும் கடதாசியில் பட்டன, உள்ளங்கை அகலத்துக்குள். எனக்கே ஆச்சரியம். வாழ்நாளில் அதற்குமுன் நான் சுட்டது கொக்கு விரட்ட நாலைந்து தரம்.

பிறகு மாக்னம். முதல் வெடியோடு தூரக் கண்ணாடியின் விளிம்பு வந்து என் புருவத்தில் அடித்தது. இரத்தம் கண்ணுக்குள் வடிந்தது. என் வலப்புருவத்துக்கு மேலே பிறைபோல ஒரு தழும்பு இருக்கிறதே, சாவி வழுக்கி அடித்தது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது சாவி இல்லை.

ஃபிராவ் கெல்னர் துணி வைத்துக் கட்டினார். பிறகு எனக்குக் காட்டாமல் தானே தோட்டா போட்டுத் தந்தார். நான் குறிபார்த்து விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை. மருந்தில்லாத வெறுந்தோட்டா போட்டிருக்கிறார். வெடிக்காத துவக்கு என் கையில் ஒரு முழம் துள்ளிக் குழல் வாயைக் கீழே குத்தியது. கண்ணையும் இறுக்கி மூடியிருந்தேன்.

"பாருங்க அண்ணே, துப்பாக்கி ஒதைக்கல, நீங்கதான் ஒதைச்சீங்க," என்றார் யூசுப்.

அடுத்ததில் உண்மையான தோட்டா. கடதாசியில் ஒன்றும் படவில்லை.

அவர் என்னை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். புதுக் கடதாசி. மூன்று வெடி, நிதானமாக. கொண்டுவந்து காட்டினார். நடுவில் மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டபடி, வில்வம் இலை மாதிரி. அங்கே துவக்கு விற்கிறவர்கள் சுட்டுப் பார்த்த கடதாசியையும் கூடவே கொடுப்பார்கள். யார் சுட்டது என்று கீழே பெயர் எழுதிக் கையெழுத்தும் வைப்பார்கள். அவரும் எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "துவக்கு நல்லது. உங்களுக்கு நல்லதில்லை," என்றார்.

சுடப்போவது நானில்லை, ஊரில் ஒரு வேட்டைக்காரர் இருக்கிறார் என்றேன். அது அன்றைக்கு உண்மை. அப்படியென்றாலும் அவர் பழக இருபது தோட்டா போதாது, பழசே நல்லது என்றார்.

நான் பழசைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த ஒட்டுப்போட்ட மூலையில் என் பெருவிரல் பட்டது. கடல் கடந்து போனவன் ஒட்டுப்போட்ட சாமானோடு வந்திருக்கிறான் என்று சந்தையில் பேசுவது எனக்குக் காதில் கேட்டது. கந்தையா அண்ணைக்குக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுக் காட்டி விளங்கப்படுத்த என்னால் முடிந்திருக்கும். ஆனால் அவர் மாக்னம் என்றல்லவா சொன்னார்.

"இதைத்தான் தாங்கோ," என்று மாக்னத்தைக் காட்டினேன்.

யூசுப் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஷ்யூரா?"

"ஓம்."

ஃபிராவ் கெல்னர் மறுக்கவில்லை. துவக்கைத் துணியில் சுற்றிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னார். கப்பலில் போகும்போது தூரக் கண்ணாடி அசைந்துவிடும். ஊருக்குப் போனதும் முதலில் ஐந்து தோட்டாவைக் கடதாசியில் சுட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும். அந்தக் கடதாசியைத் தனக்கு அனுப்ப வேண்டும். நான் தலையாட்டினேன். நாங்கள் தலையாட்டுகிற விதம் அவருக்கு ஆம் என்று விளங்கியதோ இல்லை என்று விளங்கியதோ தெரியாது.

ரயிலுக்கு நிற்கையில் யூசுப் ஒரு உருளைக்கிழங்கு அப்பம் வாங்கித் தந்தார். அப்பிள் களியோடு தின்கிறார்கள். சூடாக இருந்தது. ஆறு கிழமையில் நான் சாப்பிட்டவற்றில் நல்லது அதுதான். ஆனால் அன்றைக்குப் பாதியை யூசுப்பிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மார்கழியில் ஊருக்கு வந்தேன். துவக்கைச் சங்கக் கட்டடத்தில் திறந்தபோது நூறு பேர் நின்றார்கள். இலை வேலைப்பாட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பிறகு கடதாசி கை கையாகப் போனது. கீழே ஜேர்மன் கையெழுத்தில் இருந்த பெயர் ஒருவருக்கும் விளங்கவில்லை. கந்தையா அண்ணை அதை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"வில்வம் இலையடா," என்றார். "தம்பி, நீயே சுட்டனி?"

நான் "ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் பிள்ளைகளே. அதைச் சொல்லிவிட்டால் மாற்றிச் சொல்ல ஒரு நிமிஷம் இருக்கும். அந்த நிமிஷத்தில் சின்னத்துரை அண்ணை எழுந்துவிட்டார்.

"உப்பிடிச் சுடுற கை இருக்கேக்க நான் ஏன் சுடுவான்? எனக்குக் கண்ணும் முந்தியைப்போல இல்லை. அவனே சுடட்டும்," என்றார்.

ஐந்து தோட்டா கடதாசிக்குச் சுட வேண்டும் என்று சொன்னேன். அதையாவது சொன்னேன். கந்தையா அண்ணை பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இருக்கிறது இருபது. அதில அஞ்சைக் கடதாசிக்கோ? அங்க பாத்ததுதானே, இந்தா கிடக்கு," என்று கடதாசியைத் தட்டினார்.

தோட்டாப் பெட்டி சங்கத்து அலுமாரிக்குள் போனது. துவக்கைப் பிள்ளையார் கோயிலில் வைத்துப் பூசை செய்து, சந்தனப்பொட்டும் வைத்தார்கள். கடதாசிக்குச் சட்டம் போட்டது நான். கீழே இருந்த பெயரும் கையெழுத்தும் தெரியாமல் பின்பக்கம் மடித்து ஒட்டினேன். இதை வாசித்து முடிந்ததும் சட்டத்தைக் கழற்றி, அந்த மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்.

தை மாதம், நெல் பழுக்கிற நேரம், பொழுது படமுன்னரே அது வரம்புக்கு வந்தது. அறுபது யார் தூரம் இருக்கும். சின்னத்துரை அண்ணை என் பக்கத்தில் நின்று, "முன்காலுக்குப் பின்னால, ஆறுதலா, அவசரப்படாம," என்றார். கண்ணாடிக்குள் அதன் கிழிந்த காது தெரிந்தது. நெல்லை வேரோடு பிடுங்கி, மண் போகக் காலில் தட்டித் தட்டித் தின்றுகொண்டிருந்தது. என் புருவம் நொந்தது. வெடி வைக்கமுன்னரே நொந்தது. நான் கண்ணை மூடினேன்.

திறந்தபோது அது முன்னங்கால் மடிந்து விழுந்து, எழுந்து, மூன்று காலில் காட்டுக்குள் போனது. சத்தத்தை நான் எழுதவில்லை.

சின்னத்துரை அண்ணை இரத்தத்தைப் பார்த்தார். "முழங்காலில பட்டிருக்கு. நெஞ்சில இல்லை." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பின்னால போவமோ?"

மழையில் மரத்தின் கீழ் நின்ற மருந்துக்கடைக்காரரை நான் நினைத்தேன். நினைக்காமலில்லை. ஆனால் காட்டுக்குள் போனால் இன்னொரு தரம் சுட வேண்டும்.

"இருட்டுது அண்ணை. காலமை பாப்பம்," என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். விடியமுன் பெருமழை பெய்தது, காலையில் ஒரு தடமும் இல்லை. செத்திருக்கும் என்றார் கந்தையா அண்ணை. மாணிக்கம் மாமாவின் கதைதான் எல்லாருக்கும் பயம், இரண்டு கிழமை காவலைக் கூட்டினார்கள். அது வரவேயில்லை. அந்த வருஷம் எங்கள் திட்டத்தில் ஒரு வயலும் அழியவில்லை. கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள். வதனி, நீ என் தோளில் இருந்து அந்த மாலைப் பூவைப் பிய்த்தாய். உனக்கு நினைவிருக்காது.

ஃபிராவ் கெல்னரிடமிருந்து தபால் அட்டை வந்தது. கடதாசி எங்கே என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எல்லாம் சுகம் என்று பதில் போட்டேன்.

மாசியில் நெல் அரிவு வெட்டு. மாடு மேய்க்கிற இராமு பட்டறைக்கு வந்தார், வாளிக்குப் பிடி ஒட்ட. அதை ஒட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"அண்ணை, உங்கட தனியன் நேற்றுத்தான் விழுந்தது. மடுவுக்குப் பக்கத்தில. இருவது நாளா அந்த ஒரு இடத்திலயே நிண்டது."

"இருவது நாளோ?"

"ஓம். கால் ஊன ஏலாது. தும்பிக்கை எட்டினமட்டும் புல்லைப் பிடுங்கித் திண்டது. எட்டின இடமெல்லாம் மொட்டை. பிறகு மண்ணை அள்ளினது. நான் ரெண்டு நாள் குழை வெட்டி எறிஞ்சனான். கிட்டப் போகப் பயம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் சுட்டது விழும்தானே எண்டு விட்டிட்டன்."

வாளிப் பிடியை ஒட்டி முடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

பின்னேரம் அம்மாவிடம் வாய்க்கால் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். எங்கள் வயலில் மேற்கு வரம்போரம் இன்னும் வெட்டாமல் கொஞ்சம் நின்றது. ஒரு கைப்பிடி கதிர் அறுத்தேன், நல்ல முற்றின கதிராகப் பார்த்து. மடுவுக்கு மூன்று மைல். துவக்கைக் கொண்டுபோகவில்லை.

தூரத்திலேயே அந்த வட்டம் தெரிந்தது. சுற்றிவரப் பச்சைப் புல். நடுவில், ஒரு தும்பிக்கை நீளத்துக்கு, செம்மண் மட்டும். அதற்குள் அது வலப்பக்கமாகக் கிடந்தது. வயிற்றில் விலா எலும்பு எண்ணலாம். வட்டத்தின் விளிம்புக்கு வெளியே இராமு எறிந்த குழையில் ஒரு கொப்பு எட்டாமல் கிடந்து வாடியிருந்தது. தும்பிக்கை அதன் பக்கம் நீட்டியபடி.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் போனேன். தும்பிக்கையைத் தூக்கி விலக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கதிரை வாய்க்குள் வைத்தேன். அது வழுக்கி மண்ணில் விழுந்தது. எடுத்து மண் போகக் காலில் தட்டி, இன்னும் உள்ளே, நாக்குக்கும் கடைவாய்க்கும் நடுவில் வைத்து, விழாமல் நிற்கும் வரைக்கும் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.